வனவிலங்கு புதிய இடம் தேடுவது ஏன்? — ஆடு வளர்ப்போருக்கு ஒரு பாடம்

நமது சங்க அங்கத்தினர்களுள் தறி ஓட்டுவோரும் உளர். தோட்டம் பார்ப்போரும் உளர். இரு சாராருக்கும் அவசர காலச் சேமிப்பு பட்டியிலுள்ள ஆடுகளே. பிள்ளையின் படிப்புச் செலவுக்கோ தறியின் பழுதுக்கோ இரண்டு ஆடுகளை விற்றுச் சமாளிப்பது நம் பகுதி வழக்கம். ஆதலின் பட்டிக்கு நேரும் ஆபத்தைப் பற்றி அறிவது, சங்கக் கணக்கை அறிவதைப் போன்றே முக்கியமானதாகும்.

2022 ஜனவரியில் அவிநாசி அருகே பாப்பாங்குளத்தில் ஒரு சிறுத்தை சிலரைக் காயப்படுத்தியது. சில நாட்களில் அது திருப்பூரை ஒட்டிய அம்மாபாளையத்தில் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் காங்கேயம்–தாராபுரம் சாலையிலுள்ள ஊதியூர் மலைப்பகுதியில் ஒரு சிறுத்தை கால்நடைகளைக் கொன்றது. வனத்துறையினர் கூண்டும் காமிராவும் வைத்துத் தேடினர். பெருங்காடு இல்லாத நம் வட்டாரத்திற்குச் சிறுத்தை வருவானேன் என்று அப்போது பலரும் வினவினர். அதற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. தாயை விட்டுப் பிரிதல்

சிறுத்தைக் குட்டி ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை தாயுடன் வாழும். பின்னர் தனக்கென ஓர் எல்லையைத் தேட வேண்டும். பெண் குட்டி பெரும்பாலும் தாயின் எல்லைக்கு அருகிலேயே தங்கிவிடும். ஆண் குட்டியோ, அங்குள்ள வலிய ஆண் சிறுத்தைக்கு அஞ்சித் தொலைவு செல்லும். நெருங்கிய உறவுக்குள் இனம் பெருகாமல் இருப்பதற்கும் இப்பிரிவு உதவுகிறது. ஆகவே, இளம் விலங்கு காட்டை விட்டு வெளிவருவதால் மட்டும் அக்காடு அழிந்துவிட்டது என்றோ, அவ்விலங்கு வெறிகொண்டது என்றோ முடிவு செய்தல் தவறு.

2. வழிப்பயணம்

நம் மாவட்டத்தின் தெற்கே உள்ள உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. வடக்கே ஈரோடு மாவட்டத்தில் சத்தியமங்கலம் காடு இருக்கிறது. பகலில் ஓடைப் புதரிலோ சோளக்காட்டிலோ பதுங்கி, இரவில் நடக்கும் விலங்கிற்கு இடைப்பட்ட தூரம் பெரிதன்று.

மராட்டிய மாநிலத்தில் 2009ஆம் ஆண்டு கிணற்றில் விழுந்த ஆண் சிறுத்தை ஒன்றை மீட்டு, அதன் கழுத்தில் இருப்பிடம் காட்டும் கருவியைப் பூட்டி, மால்ஷேஜ் கணவாயில் விடுவித்தனர். அது நெடுஞ்சாலைகளைக் கடந்து, வசாய்க் கழியை நீந்தி, சுமார் 120 கிலோமீட்டர் அப்பாலுள்ள மும்பைப் பகுதிக் காட்டை அடைந்தது. மனிதர் நெருங்கி வாழும் நாட்டுப்புறத்தின் ஊடேயும் அதற்கு வழி கிடைத்தது.

3. குடியமர்தல்

கடந்து செல்வது வேறு, குடியமர்வது வேறு. மறைவிடம், நீர், இரை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கிட்டினால்தான் விலங்கு அங்கே தங்கும். நமது கொறங்காடுகளின் கிளுவை வேலியும், ஓடைகளில் மண்டிய சீமைக்கருவேலும் மறைவிடம் தருகின்றன. தோட்டத்துத் தொட்டிகளில் நீர் உண்டு. எஞ்சியது இரையே.

இரையைப் பற்றி மராட்டியத்து அகோலே வட்டத்தில் நடந்த ஆராய்ச்சி நமக்குப் பெரிதும் பயன்படுவது. காடின்றிக் கரும்பு நிறைந்த அப்பகுதியிலும் சிறுத்தைகள் நிலையாக வாழ்கின்றன. அங்கு நாய்களைவிட ஆடுகள் ஏழு மடங்கு அதிகம். எனினும் சிறுத்தையின் உணவில் நாய் நூற்றுக்கு 39 பங்கு. ஆடு 11 பங்கு மட்டுமே. ஆடுகள் இரவில் பட்டியில் அடைபடுகின்றன, நாய்கள் தெருவில் திரிகின்றன என்பதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. அடைப்பு நன்றாயிருந்தால் ஆடு தப்பும் என்பது இதனால் தெளிவாகிறது.

4. பிடித்து வேறிடத்தில் விடலாமா?

“பிடித்துக்கொண்டு போய்த் தொலைவில் விட்டுவிடுங்கள்” என்பதே நாம் முதலில் எழுப்பும் கோரிக்கை. மராட்டியத்து ஜுன்னர்ப் பகுதியில் 2001ஆம் ஆண்டுக்குப் பின் அவ்வாறே பெருமளவில் செய்தனர். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல், பின்னர் 17 ஆக உயர்ந்தது. அறிமுகமில்லாத இடத்தில் விடப்பட்ட விலங்கு கலக்கமடைந்து அலைகிறது. காலியான இடத்திற்கோ மற்றொரு சிறுத்தை வந்து சேருகிறது. ஊருக்குள் சிக்கி மனிதரைத் தாக்கும் விலங்கைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் பட்டியைக் காக்கும் கடமையைக் கூண்டு ஏற்காது.

5. நாம் செய்யத்தக்கவை

முதலாவது, உயரமான, மேலும் மூடப்பட்ட இரவுப் பட்டி. தனியொருவருக்கு இது பெருஞ்செலவு. பத்துப் பேர் கூடிக் கம்பிவலையை மொத்தமாக வாங்கின் செலவு குறையும். கூட்டுறவின் பயன் இதுவேயன்றோ?

இரண்டாவது, கறிக்கடை, கோழிக்கடைக் கழிவுகளை ஓடையிலும் சாலையோரத்திலும் கொட்டாதிருத்தல். கழிவு நாயைப் பெருக்கும். நாய் சிறுத்தைக்கு இரையாகும். சிறுத்தை வராவிடினும் நாயே பட்டிக்குப் பகை. காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்றமையும், 2024, 2025ஆம் ஆண்டுகளில் விவசாயிகள் இழப்பீடு கோரிப் போராடியமையும் யாவரும் அறிந்தவை.

மூன்றாவது, ஆடு இறந்து கிடந்தால் உடலை அகற்றாமல் வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே தெரிவித்தல். சிறுத்தை பெரும்பாலும் கழுத்தைக் கவ்விக் கொன்று இரையை இழுத்துச் செல்லும். நாய்க்கூட்டம் பல ஆடுகளைக் கண்டவாறு கடித்துக் குதறும். கொன்றது எதுவென உறுதியானால்தான் உரிய இழப்பீட்டைக் கோர இயலும்.

நான்காவது, சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடித் துரத்தாதிருத்தல். சூழப்பட்ட விலங்கே பெரிதும் தாக்கும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதனைக் கொல்வது கடுங்குற்றம் என்பதையும் நினைவிற்கொள்க.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க:

(அ) நம் ஊரில் இரவில் அடைக்கப்படாத ஆடுகள் எத்தனை?
(ஆ) கழிவு கொட்டப்படும் இடங்கள் எவை? அவற்றை மாற்ற யாரை அணுகுவது?
(இ) கம்பிவலையைக் கூட்டாக வாங்க எத்தனை அங்கத்தினர் முன்வருவர்?

இவற்றிற்கான விடைகளை எழுதி, அடுத்த பொதுக்குழுவில் வைத்துத் தீர்மானம் செய்வது நலம்.