பூச்சியை உணவாகக் கொள்ளும் உயிர்கள்

வயலிற் காணப்படும் பூச்சிகள் யாவும் பயிருக்குப் பகையல்ல. பயிரை உண்பன சில. அவற்றை உண்டு வாழ்வன பல. இவ்விரு சாராரையும் பிரித்தறியாத கமக்காரர், பகையை அழிக்கப் புகுந்து துணையையும் இழக்கின்றனர்.

வயலிலுள்ள துணைவர்

ஓநாய்ச் சிலந்தி வலை பின்னி இரைக்காகக் காத்திருப்பதில்லை. நெற்பயிரின் அடியில் ஓடித் திரிந்து, நாளொன்றுக்கு 5 முதல் 15 வரையான தத்திகளையும் பிற பூச்சிகளையும் பிடித்துண்ணும். பச்சை நிறமான சிறு மூட்டுப்பூச்சி ஒன்று கபிலத் தத்தியின் முட்டைகளை நாளொன்றுக்கு 7 முதல் 10 வரை உறிஞ்சி அழிக்கும். தும்பியும் தவளையும் கொக்கும் பூச்சிகளைத் தின்னும். பயற்றைச் செடியிலுள்ள அழுக்கணவனைப் பொறிவண்டும் அதன் புழுவும் உண்ணும்.

மனிதரும் பூச்சியுணவும்

மனிதருக்கும் பூச்சியுணவு புதிதன்று. உலகில் 1,900க்கு மேற்பட்ட பூச்சியினங்கள் உண்ணப்படுவதாக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய தாபனம் 2013ஆம் ஆண்டு அறிவித்தது. தாய்லாந்தில் 1978ஆம் ஆண்டளவில் வெட்டுக்கிளிகள் சோளப் பயிரைத் தாக்கின. விமானத்திலிருந்து மருந்து தெளித்தும் பயன் கிட்டாமையால், அவற்றைப் பிடித்துண்ணுமாறு மக்கள் ஊக்குவிக்கப்பட்டனர். எனினும் மருந்து தெளித்த நிலத்திற் பிடித்த பூச்சியை உண்ணலாகாது. அதில் நஞ்சு தங்கியிருக்கக்கூடும்.

மருந்தினால் வரும் கேடு

கபிலத் தத்தி தன் முட்டைகளை நெற்பயிரின் இலையுறையினுள்ளே இடும். தெளிக்கும் மருந்து அம்முட்டைகளை எளிதில் அடைவதில்லை. வெளியே திரியும் சிலந்தியே முதலில் மடியும். பின்னர் பொரிக்கும் குஞ்சுகளை உண்பார் இன்மையால் தத்தி முன்னிலும் பெருகும். இக்காரணத்தாலேயே இந்தோனேசிய அரசாங்கம் 1986ஆம் ஆண்டு நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிகொல்லிகளைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. பயிரின் முதல் 40 நாட்களில், இலையுண்ணும் புழுக்களைக் கண்டவுடன் மருந்து தெளித்தலைத் தவிர்த்தல் வேண்டும். இளம்பயிர் புதிய இலைகளை விட்டு அச்சேதத்தைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்.

2. மருந்து தெளிப்பதன் முன், வயலிற் பல இடங்களில் பயிரின் அடியை விலக்கித் தத்திகளையும் சிலந்திகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

3. வரம்பிலுள்ள புல்லைத் தீயிட்டு அழித்தலாகாது. சிலந்திகள் அங்கே தங்கும்.

4. பூச்சியுண்ணும் பறவைகள் இருப்பதற்குத் தென்னை மட்டைகளை வயலில் நாட்டலாம். கதிர் பால் பிடிக்குமுன் அவற்றை அகற்றிவிடல் வேண்டும்; இல்லையேல் நெல்லைத் தின்னும் பறவைகளும் அவற்றில் வந்து தங்கும்.

பீடைகள் மிகுந்து, துணைவர் குறைந்திருப்பின், அப்பகுதி விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே மருந்தைக் கையாளுதல் வேண்டும். கூலியும் செலவுமின்றிக் காவல் புரியும் உயிர்களைக் காப்பது விளைச்சலைக் காப்பதாகும்.