கணினியும் கொல்கத்தாவின் கோடையும்

காளிகாட், லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ வட்டாரங்களில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொல்கத்தாவின் கோடையைப் பற்றிப் புதிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சென்னையின் புழுக்கத்திற்குப் பழகியவர்களையும் வருத்தும் கோடை அது. அவ்வீடுகளில் அண்மைக் காலமாக இடம்பிடித்துள்ள பிள்ளைகளின் விளையாட்டுக் கணினியும் இக்கோடைக்குத் தப்புவதில்லை. சேமிப்பிலிருந்தோ தவணை முறையிலோ பெரும் தொகை கொடுத்து வாங்கிய அக்கணினி ஜனவரியில் சீராக ஓடும். மே மாதத்தில் அதே விளையாட்டு திக்கித் திக்கி நகரும். சில வேளைகளில் இயந்திரம் தானே அணைந்துவிடும். பாகம் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து புதிய வரைகலை அட்டைக்கோ செயலிக்கோ மீண்டும் செலவிடுவோர் பலர். பெரும்பாலான வீடுகளில் தேவைப்படுவது புதிய பாகமன்று. வெப்பம் வெளியேறுவதற்கு ஒரு வழி.

கணினி உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. விளையாட்டின்போது 400 வாட் எடுத்துக்கொள்ளும் கணினி, 400 வாட் வெப்பமூட்டியைப் போன்றதே. அமைதியாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. எனவே, கதவை அடைத்துக்கொண்டு மகன் தனியே விளையாடும் சிறிய அறையில், வெப்பக் கணக்கின்படி ஐந்து பேர் அமர்ந்திருக்கின்றனர்.

அவ்வெப்பம் பிறக்கும் இடமோ மிகச் சிறியது. இன்றைய உயர்நிலைச் செயலி ஒன்று முழு வேகத்தில் உழைக்கையில், சுமார் இரண்டரைச் சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சிலிக்கான் சில்லில் 250 வாட் வரை வெப்பம் உண்டாகிறது. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட். துணி தேய்க்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டை 200 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், அங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். இத்தனை வெப்பத்தையும் உடனுக்குடன் அகற்றாவிட்டால் சில்லு கருகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பல இன்டெல் செயலிகள் 100 டிகிரி செல்சியஸையும், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் செயலிகள் பல 95 டிகிரியையும் எட்டியவுடன் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. விளையாட்டு திக்குவது இதனால்தான். அது பழுதின் அடையாளமன்று, தற்காப்பு.

காற்றால் குளிரும் எந்த இயந்திரமும் தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்க இயலாது. விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை இடம் மாற்றுகிறது. நீர்வழிக் குளிர்விப்பான் எனப்படும் விலையுயர்ந்த அமைப்பும் அவ்வாறே. அதன் நீர் இறுதியில் அறைக் காற்றிடம்தான் வெப்பத்தை ஒப்படைக்கிறது. ஒரு செயலி கடும் உழைப்பில் அறையைவிட 60 டிகிரி கூடுதலாகச் சூடேறுவதாகக் கொள்வோம். அறை 25 டிகிரியாக இருக்கும்போது செயலி 85இல் நிற்கும். அறை 35 ஆனால் 95. அறை 40 ஆனால் 100. காளிகாட்டிலிருந்து ஆதி கங்கையைக் கடந்தால் எதிரே இருப்பது அலிப்பூர். அங்குள்ள வானிலை நிலையத்தில் 2024 ஏப்ரல் 30 அன்று 43 டிகிரி பதிவாயிற்று. அன்றைய பிற்பகலில், மூடிய அறையில், சுவரோடு ஒட்டி நின்ற கணினி எந்த நிலையில் இருந்திருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கணினியின் வெப்பம் கொல்கத்தாவிற்குப் புதிய செய்தியுமன்று. இந்தியாவிற்கு வந்த முதல் மின்னணு எண்முறைக் கணினியான ஹெச்இசி-2எம், மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், நகரின் வடபுறமுள்ள பராநகரில், 1955இல் வந்திறங்கியது. பிரிட்டிஷ் டேபுலேட்டிங் மெஷின் நிறுவனத்தின் தயாரிப்பு அது. அதன் உள்ளே செயல்பட்டவை வெற்றிடக் குழல்கள். பழைய வானொலிப் பெட்டிகளில் செந்நிறமாக ஒளிர்ந்தவையே அவை. ஒவ்வொரு குழலும் தன் இழையைச் சூடேற்றிக்கொண்டுதான் வேலை செய்யும். அதனால் அக்காலக் கணினிகளுக்கு இயந்திரத்தை அமைப்பது பாதி வேலை, அறையைக் குளிர்விப்பது மறுபாதி. பின்னர் அதே நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய ஐஎஸ்ஐஜேயு-1 என்னும் கணினி 1966இல் இயங்கத் தொடங்கியது. அது டிரான்சிஸ்டர்களைக் கொண்டது. குழல்களின் வெப்பம் அதற்கில்லை. அன்று கூடம் முழுவதும் பரவியிருந்த சூடு இன்று நகக்கண் அளவு இடத்தில் குவிந்துவிட்டது. அறையைக் கவனிக்க வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

அறையைக் கவனிப்பதற்குச் செலவு பெரும்பாலும் இல்லை. கணினிப் பெட்டியை அலமாரியினுள்ளும் மேசையின் மூடிய அறையினுள்ளும் வைத்தல் ஆகாது. அங்கே வெளியேறிய சூடான காற்றையே விசிறி மீண்டும் மீண்டும் உள்ளிழுக்கும். பின்புறமும் மேற்புறமும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். தரையில் வைப்பதைவிட ஒரு முக்காலியின் மீது வைப்பது நன்று. தூசி தரையோடுதான் அதிகம் அலைகிறது. பெட்டியின் முன்புற விசிறிகள் காற்றை உள்ளே இழுக்க, பின்புற, மேற்புற விசிறிகள் வெளியே தள்ள வேண்டும். இரண்டும் எதிரெதிராகப் பொருத்தப்பட்ட பெட்டிகளும் உண்டு. விசிறியின் அருகே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் காற்றின் திசை தெரிந்துவிடும். உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று மிகுதியாக இருப்பது நலம். அப்போது இண்டு இடுக்குகளின் வழியே காற்று வெளியேறுமே தவிர, தூசியை இழுத்துக்கொண்டு உள்ளே நுழையாது.

காளிகாட்டின் பழைய வீடுகளில் 'கொர்கொரி' என்று வங்காளிகள் அழைக்கும் மரச்சட்டச் சாளரங்கள் இன்னும் உள்ளன. வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் அனுமதிப்பவை அவை. அடுக்ககங்களில் இருப்போர் மாலையில் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து வைத்தாலே போதும். செட்டிநாட்டு வீட்டின் முற்றம் செய்யும் வேலையும் இதுவே. சூடான காற்று மேலே செல்ல ஒரு திறப்பு.

தூசியை இவ்வூரில் தனியே கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் மழையின்றிக் காற்று வறண்டிருக்கும் மாதங்களில் அது பெருகுகிறது. மாலையில் தூபம் காட்டும் வழக்கம் இங்கு வங்காளிகள் வீட்டிலும் உண்டு, நம் வீட்டிலும் உண்டு. சாம்பிராணிப் புகையும் சமையலின் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியோடு சேரும்போது, வெப்ப இறக்கியின் மெல்லிய தகடுகளுக்கிடையே கம்பளி போல் படிந்துவிடுகின்றன. தூபத்தை நிறுத்தச் சொல்வது என் நோக்கமன்று. கணினியைப் பூசை அறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் தள்ளி வைத்தால் போதும். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை முன்புற வலையைக் கழற்றிக் கழுவி, நன்கு உலர்த்திப் பொருத்தலாம். உட்புறத்தைச் சுத்தம் செய்யும்போது மின்இணைப்பை முற்றிலும் பிடுங்கிவிட்டு, மென்மையான வர்ணத் தூரிகையைப் பயன்படுத்துக. ஊதுகருவியால் ஊதுவதானால் விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டின்றிச் சுழன்றால் அதன் அச்சு கெடும். செயலிக்கும் அதன் மேலுள்ள குளிர்விப்பானுக்கும் இடையே பூசப்படும் வெப்பப் பசை சில ஆண்டுகளில் உலர்ந்துபோகும். அதனை மாற்றும் பழக்கம் இல்லாதவர்கள் தேர்ந்த தொழிலாளி ஒருவரிடம் ஒப்படைப்பது நல்லது. அதற்கு ஆகும் செலவு புதிய செயலியின் விலையில் மிகச் சிறு பங்கே.

கோடைக்கு நீர் ஊற்றும் ஏர்கூலர் வாங்கி அதனைக் கணினியை நோக்கித் திருப்பி வைப்போரும் உள்ளனர். ராஜஸ்தானின் வறண்ட காற்றில் அது பயன் தரும். காற்றே நீரால் நிறைந்திருக்கும் கொல்கத்தாவின் ஜூன், ஜூலை மாதங்களில் நீர் ஆவியாவதற்கு இடமில்லை. குளிர்ச்சி குறையும், ஈரம் கூடும், இணைப்புகளில் துரு ஏறும். குளிர்சாதனம் உள்ள வீடுகளுக்கும் ஓர் எச்சரிக்கை. மழைக்காலத்தில் 22 டிகிரிக்குக் குளிர்ந்து, அணைந்து நிற்கும் கணினியின் மீது, சாளரத்தைத் திறந்தவுடன் வெளியிலுள்ள ஈரக்காற்று பட்டால், குளிர்நீர்க் குவளையின் புறத்தே துளி அரும்புவதைப் போல உலோகப் பாகங்களிலும் நீர் அரும்பக்கூடும். அறையின் சூடு வெளியோடு ஒத்துவந்த பின்னரே மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும்.

வெப்பத்தை வெளியேற்றுவதைவிட அதனை உண்டாக்காமலிருப்பது எளிது. இதனைப் பலரும் எண்ணுவதில்லை. நொடிக்கு 60 படங்களை மட்டுமே காட்ட வல்ல திரைக்கு, வரைகலை அட்டை 200 படங்களை வரைந்து அனுப்புவது வீண் உழைப்பு. விளையாட்டின் அமைப்புப் பகுதியிலேயே இதற்கு வரம்பு விதிக்கலாம். அவ்வாறு 400 வாட் 300 வாட்டாகக் குறைந்தால், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் விளையாடும் வீட்டில் மாதத்திற்கு 48 யூனிட் 36ஆகக் குறையும். குளிர்சாதனம் இயங்கும் வீட்டில் அந்த 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளும் செலவும் மிச்சமாகும். ஒரு காசும் செலவின்றிக் கிடைக்கும் பயன் இது.

செய்தவை பலன் தந்தனவா என்பதை அறிய, கணினியின் வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. ஒரே விளையாட்டை அரை மணி நேரம் ஆடியபின் செயலியின் வெப்பத்தையும் அறையின் வெப்பத்தையும் ஒரு தாளில் குறித்து, பெட்டியின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஜனவரியில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை. அறையின் வெப்பம் 12 டிகிரி கூடியிருக்க, செயலியின் வெப்பம் 20 டிகிரி கூடியிருந்தால், எஞ்சிய 8 டிகிரிக்குக் காரணம் பெரும்பாலும் தூசி அல்லது உலர்ந்த பசை. இரண்டும் ஒரே அளவில் கூடியிருந்தால் கணினியில் குறையில்லை, சாளரத்தைப் பாருங்கள்.