சீட் கொடுத்தால் போதுமா? சட்டக் கல்லூரிகளுக்கு ஒரு கையேடு

தமிழ்நாட்டில் சட்டக் கல்லூரிக்குள் நுழையும் வழி ஓரளவு அகலமானதுதான். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்திலும் அதன் இணைப்புக் கல்லூரிகளிலும் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது; ப்ளஸ் டூ மதிப்பெண் போதும். 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. 2021இல் வந்த சட்டத்தால் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடம் தனியாகக் கிடைக்கிறது. ஆகவே, வக்கீலின் மகளும் கோர்ட் வாசலையே மிதித்திராத கூலித் தொழிலாளியின் மகனும் முதலாண்டில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

ஐந்து வருடம் கழித்து அந்த இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மூட் கோர்ட் டீமில் சேருவது எப்படி, நல்ல சீனியரிடம் இன்டர்ன்ஷிப் கேட்பது எப்படி, தீர்ப்பில் எந்தப் பத்தியை முதலில் படிப்பது? எந்த நோட்டீஸ் போர்டிலும் இதெல்லாம் இருக்காது. வக்கீல் வீட்டுப் பிள்ளை சாப்பிடும்போதே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. மற்றவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. கல்லூரி ஆசிரியர்களும் சீனியர் வக்கீல்களும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: வாய்மொழியாக ஓடும் விதிகளை எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள்.

முதல் வாரம்: எதைக் கேட்கக் கூடாது

அறிமுக வகுப்பில் "கட்-ஆஃப் எவ்வளவு?", "எந்த மீடியம்?", "வீட்டில் யாராவது வக்கீல் உண்டா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். மூன்று கேள்வியும் நல்லெண்ணத்தில் கேட்கப்படலாம். ஆனால் மூன்றாவது பதிலுக்குள் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று அலுவலகத்திலிருந்து வந்து அறிவிப்பதும் அப்படித்தான். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், உதவித்தொகை விவரம் எல்லாம் மாணவருக்கும் அலுவலகத்துக்கும் இடையில் மட்டும் இருக்கட்டும்.

அந்த நேரத்தில் வேறொன்று செய்யலாம். 'பேர் ஆக்ட்' என்றால் என்ன, தீர்ப்பின் மேற்கோள் எண்ணை எப்படிப் படிப்பது, பிராதும் எதிர்வழக்குரையும் எப்படி இருக்கும் என்று இரண்டு பக்கத்தில் அச்சிட்டு எல்லோர் கையிலும் கொடுங்கள். தெரிந்தவருக்கு நஷ்டமில்லை. தெரியாதவர் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு செமஸ்டரை இழக்க மாட்டார்.

மொழி: இரண்டு கால்களிலும் நிற்க விடுங்கள்

உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம்; அரசியலமைப்பின் 348ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆங்கிலத்தைத் தவிர்த்துவிட்டு வக்கீலாக வளர முடியாது. ஆனால் விசாரணை நீதிமன்றங்களில் தமிழுக்கு 1976 முதலே சட்டத்தில் இடம் உண்டு. எஃப்ஐஆர், கிரையப் பத்திரம், சாட்சி வாக்குமூலம் எல்லாம் பெரும்பாலும் தமிழில்தான் வருகின்றன. ஆங்கிலப் பள்ளியில் படித்த மாணவர் பலர் ஒரு பழைய பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில் தடுமாறுவார்கள்.

இதை வகுப்பில் பயன்படுத்துங்கள். ஒரு வாரம் ஆங்கிலத் தீர்ப்பு, அடுத்த வாரம் தமிழ் ஆவணம். முதல் வாரம் ஒருவர் முன்னால் நிற்பார், அடுத்த வாரம் மற்றவர். தீர்ப்பைப் படிக்க ஒரு பக்க அச்சுப் படிவம் கொடுங்கள்: நடந்தது என்ன, கேள்வி என்ன, முடிவு என்ன, காரணம் என்ன. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் பலவற்றின் தமிழ் மொழிபெயர்ப்பை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. முதலில் தமிழில் படித்துவிட்டு ஆங்கில மூலத்துக்குப் போவது குறுக்கு வழியல்ல, நல்ல பயிற்சி. ஜவ்வாது மலையைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஸ்ரீபதி 2024இல் சிவில் நீதிபதியாகத் தேர்வானபோது, தமிழ் வழியில் படித்தவர்களுக்கான முன்னுரிமையும் அவருக்குக் கைகொடுத்தது.

மூட் கோர்ட்: டீம் எப்படி உருவாகிறது?

வழக்கமாக நடப்பது இது. வெளியூர்ப் போட்டி அறிவிப்பு ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் வரும். போன வருடம் போனவர் தன் நண்பர்களைச் சேர்த்துக்கொள்வார். ஆங்கிலம் சரளமாக வருபவர் 'ஸ்பீக்கர்'. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தீர்ப்பு தேடுபவர் 'ரிசர்ச்சர்'. கோப்பையோடு எடுத்த படத்தில் ரிசர்ச்சர் ஓரத்தில் நிற்பார். பலமுறை படத்திலேயே இருக்க மாட்டார்.

மாற்றுவது கடினமல்ல. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி மூட் கோர்ட் எல்லோருக்கும் கட்டாயப் பயிற்சிதான். அதில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்தே வெளிப்போட்டிக்கு ஆள் எடுங்கள். மதிப்பெண் பங்கீட்டை முன்கூட்டியே ஒட்டிவிடுங்கள்: உதாரணமாக, ஆராய்ச்சிக்கு 40, நீதிபதியின் கேள்விக்குச் சொல்லும் பதிலுக்கு 30, வாதத்தின் கட்டமைப்புக்கு 20, பேச்சு நடைக்கு 10. ஒருமுறை ரிசர்ச்சராகப் போனவர் அடுத்த முறை பேசியே ஆக வேண்டும் என்று விதி வையுங்கள். பதிவுக் கட்டணத்தையும் ரயில் செலவையும் கல்லூரியே கட்டட்டும். துறை அலமாரியில் நாலைந்து கறுப்பு கோட்டுகள் பல அளவில் தொங்கட்டும். கோட்டு இல்லை என்பதற்காக ஒருவர் பெயர் கொடுக்காமல் இருக்கக் கூடாது.

இன்டர்ன்ஷிப்: அறிவிப்பை மாற்றி எழுதுங்கள்

பார் கவுன்சிலின் அதே விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்பில் மொத்தம் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஆனால் வாய்ப்புகள் தெரிந்தவர் மூலமாகத்தான் நகர்கின்றன. "இன்டர்ன் தேவை, ஆர்வமுள்ளோர் அணுகவும்" என்ற ஒற்றை வரியைப் பார்த்து, யாரையும் தெரியாத மாணவர் அணுக மாட்டார். சீனியர் வக்கீல்களே, இப்படி எழுதிப் பாருங்கள்:

"மூன்றாம் ஆண்டு முதல் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம், காலை 10 முதல் மாலை 6 வரை. வேலை: கேஸ் கட்டைப் படித்துத் தேதிவாரியாகக் குறிப்பு எழுதுவது, கோர்ட்டுக்கு உடன் வருவது. பஸ் செலவும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. ஏதேனும் ஒரு தீர்ப்பின் ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ அனுப்புங்கள். தந்தை பெயர், பள்ளிப் பெயர் தேவையில்லை."

வந்தவரை ஜெராக்ஸ் எடுக்கவும் வாய்தா குறித்து வரவும் மட்டும் அனுப்பாதீர்கள். ஆணும் பெண்ணுமாக இருவர் வந்தால் ஒருவரைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய், மற்றவரைச் சேம்பரிலேயே உட்காரவைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். வெளியூரில் தங்க வசதியில்லாதவர்களுக்கு, சொந்த மாவட்டத்திலேயே உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கல்லூரி கைகாட்டலாம்.

மாற்றுத்திறனாளிகள், திருநர்கள், பெண்கள்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. தேர்வெழுத உதவியாளர் கேட்பது சலுகையல்ல, உரிமை என்பதை 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டம் சொல்லிக்கொடுக்கும் இடம் அதை முதலில் கடைப்பிடிக்க வேண்டாமா? இன்றே செய்யக்கூடியது ஒன்று: பாடக் குறிப்புகளை ஸ்கேன் செய்த படமாக அனுப்பாமல், தட்டச்சு செய்த கோப்பாக அனுப்புங்கள். பார்வையற்ற மாணவரின் செயலி படத்தை வாசிக்கத் திணறும், எழுத்தை வாசித்துவிடும்.

நாட்டின் முதல் திருநங்கை வழக்கறிஞராக சத்யஸ்ரீ ஷர்மிளா 2018இல் பதிவுசெய்துகொண்டது இதே தமிழ்நாட்டில்தான். அடுத்து வருபவருக்கு வருகைப் பதிவேட்டில் எந்தப் பெயர், எந்தக் கழிவறை, எந்த விடுதி என்பதை அவர் வருமுன்பே முடிவுசெய்து வையுங்கள். பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு 2013 முதல் சட்டப்படி கட்டாயம். அதன் உறுப்பினர் பெயரும் போன் எண்ணும் பெண்கள் ஓய்வறைக் கதவிலேயே இருக்கட்டும்.

பட்டம் வாங்கியதும்

வழக்கறிஞராகப் பதிவுசெய்யும் கட்டணம் என்ற பெயரில் பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வசூலித்த காலம் முடிந்தது. வழக்கறிஞர் சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 125 ரூபாய். இதை இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனில் சொன்னது. நடைமுறையில் பல சேம்பர்களில் அது இன்னும் வரவில்லை. சம்பளமே இல்லாத முதல் மூன்று வருடத்தைத் தாக்குப்பிடிக்க வீட்டில் பணம் வேண்டும். அது இல்லாதவர்தான் தொழிலைவிட்டுப் போகிறார். ஜூனியர் எடுக்கும்போது தொகையைப் பேசி, எழுதியும் கொடுங்கள்.

மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை

முதலாண்டிலேயே ஒரு சீனியர் மாணவரையும் ஓர் ஆசிரியரையும் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். "இதை எப்படிச் செய்வது?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம், கேள்வி கேட்பதுதானே இந்தத் தொழில். கிடைத்த பதிலை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த வருடம் வரும் ஜூனியரிடம் கொடுத்துவிடுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை கணக்குப் பாருங்கள்

பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய இடியா அமைப்பு, ஏழை மாணவர்களைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வுக்குத் தயார்செய்வதோடு நிற்கவில்லை. சேர்ந்த பிறகும் வழிகாட்டி போட்டுக் கூடவே வருகிறது. ஒவ்வொரு கல்லூரியும் அதையே தன் அளவில் செய்யலாம். ஜூன் மாதம் நான்கு பட்டியல் எடுங்கள்: படிப்பை விட்டவர்கள், மூட் டீமில் இருந்தவர்கள், இன்டர்ன்ஷிப் போன இடங்கள், பட்டம் முடித்தவர்கள் இப்போது செய்யும் வேலை. ஒவ்வொன்றிலும் அரசுப் பள்ளி மாணவர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், முதல் பட்டதாரிகள் எத்தனை பேர் என்று பெயரில்லாமல் எண்ணி, ஆசிரியர் கூட்டத்தில் வையுங்கள். வகுப்பில் பாதிப் பேராக இருப்பவர்கள் மூட் டீமில் பத்தில் ஒருவராக இருந்தால், அந்த வருட வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.