லேசர் முடி நீக்கம்: நிரந்தரம் என்று யார் சொன்னது?

“ஆறு சிட்டிங் போதும், ஆயுசுக்கும் முடி வராது.”

அழகு நிலைய விளம்பரங்களில் நன்றாக விலைபோகும் வாக்குறுதி இது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளுக்கு ஒப்புக்கொண்டிருப்பது ‘நிரந்தர முடிக் குறைப்பு’ மட்டும்தான். திரும்ப முளைக்கும் முடிகளின் எண்ணிக்கை நெடுநாள் குறைந்தே இருக்கும், அவ்வளவே. வளரும் பருவத்தில் உள்ள மயிர்க்கால்தான் லேசரில் சிக்கும். ஓய்வில் இருப்பவை தப்பிவிடும். சில வார இடைவெளியில் பலமுறை வரச் சொல்வது அதனால்தான். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை (பிசிஓடி) இருப்பவர்களுக்கு முகவாயில் முடியைத் தூண்டுவது ஹார்மோன். அதற்கு வைத்தியம் பார்க்காமல் லேசருக்கு ‘பேக்கேஜ்’ கட்டுவது, என்னைக் கேட்டால், பாதி வீண்செலவு.

“கறுப்பாக இருந்தால் லேசர் ஆகாது.”

ஒருகாலத்தில் இது ஓரளவு உண்மை. 1983இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள்: அலைநீளத்தையும் ஒளித்துடிப்பின் நேரத்தையும் சரியாகத் தேர்ந்தால், சுற்றியுள்ள திசுவை விட்டுவிட்டு இலக்கை மட்டும் சுடலாம். முடி விஷயத்தில் இலக்கு மெலனின் நிறமி. வெளிறிய தோலில் கறுத்த முடி என்றால் வேலை சுலபம். நம்மைப் போன்றவர்களுக்குத் தோலிலும் அதே நிறமி நிறைய இருக்கிறதே! 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசர் மேல்தோலிலேயே சூட்டை இறக்கிவிட்டால் கொப்புளம், கருந்திட்டு என்று கொண்டுபோய் விடும். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை மெலனின் அவ்வளவாக உறிஞ்சாது. அது ஆழமாகவும் இறங்கும். கறுத்த தோலுக்குப் பாதுகாப்பு அதில்தான் கூடுதல், பலன் சற்று மெதுவாக வந்தாலும். எனவே விலையைக் கேட்பதற்கு முன் எந்த லேசர், இயக்குவது யார் என்று கேளுங்கள். ‘ஐபிஎல்’ என்பது லேசரே அல்ல, பல அலைநீளங்கள் கலந்த ஒளி. வீட்டில் பயன்படுத்தும் ஐபிஎல் கருவிகளுடன் தோல்நிற அட்டவணை ஒன்று வரும். அடர்ந்த நிறங்களுக்கு வேண்டாம் என்று அதிலேயே இருக்கும். அதைப் படிக்காமல் முகத்தில் வைக்காதீர்கள்.

“எந்த முடியும் போய்விடும்.”

போகாது. நரையில் நிறமி இல்லை, பூனைமுடியில் போதாது. கன்னத்துப் பூனைமுடியில் கைவைக்கப் போய் அது தடித்து வளர்ந்த கதைகளும் மருத்துவ ஏடுகளில் உண்டு. நரைக்கு, மயிர்க்காலில் மின்சாரம் பாய்ச்சும் மின்னூசிதான் (எலக்ட்ரோலிசிஸ்) வழி. 1875இல் சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் உள்நோக்கி வளரும் இமைமுடிக்குக் கையாண்ட பழைய முறை அது.

“புற்றுநோய் வரும்.”

இந்தப் பயத்துக்கு ஒரு பூர்வகதை இருக்கிறது. 1896இல் வியன்னாவில் லியோபோல்ட் ஃபிராய்ண்ட் என்ற மருத்துவர் எக்ஸ்ரேயால் முடியை உதிரச் செய்தார். 1920களில் அமெரிக்க அழகு நிலையங்கள் அதை வியாபாரமாக்கின. அங்கே போன பெண்கள் பலருக்குப் பின்னாளில் தோல் புற்றுநோய் வந்தது. லேசர் ஒளி எக்ஸ்ரே அல்ல, மரபணுவைச் சிதைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. கண்ணுக்குத்தான் ஆபத்து. காப்புக் கண்ணாடி தராத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

“சவரம் செய்தால் முடி தடித்து வளரும்.”

1928லேயே மில்ட்ரட் டிராட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆராய்ந்து இல்லை என்று காட்டிவிட்டார். லேசருக்கு முந்தைய நாள் செய்ய வேண்டியதே சவரம்தான். த்ரெட்டிங்கையும் வேக்ஸிங்கையும் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்; வேரோடு பிடுங்கிவிட்டால் லேசர் சுடுவதற்கு அங்கே எதுவும் இருக்காது.