வாடிக்கையாளர் வாக்கும் கடையின் வரிசையும்



பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்பார்கள். வாசனையே ஆளைக் கூட்டி வந்துவிடும். ஆனால் மோட்டார் ரீவைண்டிங் கடையின் வார்னிஷ் வாசனை தெருமுனையைத் தாண்டாதே! டிப்ளமோ முடித்து நம்மில் பலர் நாளை சொந்தக் கடை வைக்கப் போகிறோம். இன்று ஜனங்கள் கடையைத் தேடுவது போனில். அங்கே நம் கடை முன்னால் வர வாடிக்கையாளர் எழுதும் ரிவ்யூ எப்படி உதவுகிறது என்று பார்ப்போம்.

வரிசை எப்படி அமைகிறது?

‘பக்கத்தில் மோட்டார் ரீவைண்டிங்’ என்று கூகுளில் தேடினால், மேப்புடன் பெரும்பாலும் மூன்று கடைகள் முதலில் தெரியும். முன்பு ஏழு தெரிந்தன. 2015 ஆகஸ்டில் மூன்றாகச் சுருக்கிவிட்டார்கள். நாலாவது கடையைப் பார்க்க இன்னொரு முறை தட்ட வேண்டும். மோட்டார் எரிந்து, தொட்டியில் தண்ணீர் இல்லாமல் நிற்பவருக்கு அந்தப் பொறுமை ஏது?

வரிசைக்கு கூகுள் சொல்லும் அளவுகோல்கள் மூன்று:

1. பொருத்தம்: தேடுவதும் கடை செய்யும் வேலையும் ஒத்துப்போகிறதா?
2. தூரம்: தேடுபவருக்கும் கடைக்கும் எவ்வளவு தொலைவு?
3. பிரபலம்: கடை எந்த அளவுக்குப் பெயர் பெற்றது?

தூரத்தை நாம் மாற்ற முடியாது. பொருத்தத்துக்கு, கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற இலவசக் கணக்கில் வேலை விவரம், நேரம், போன் நம்பர் எல்லாம் சரியாகக் கொடுக்க வேண்டும். மூன்றாவதில்தான் ரிவ்யூ வருகிறது. எத்தனை ரிவ்யூ, எத்தனை ஸ்டார் என்ற இரண்டையும் கணக்கில் எடுப்பதாக கூகுளே சொல்கிறது. எதற்கு எவ்வளவு மதிப்பு என்ற சூத்திரத்தை மட்டும் வெளியிடுவதில்லை. பணம் கட்டி இந்த வரிசையில் மேலே வர முடியாது. விளம்பரம் என்று குறித்து வருவது வேறு.

சின்னக் கடைக்கே அதிக லாபம்

அமெரிக்காவில் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் மைக்கேல் லூகா, சியாட்டில் நகர ஓட்டல்களை ஆராய்ந்து 2011-ல் ஒரு முடிவை வெளியிட்டார். யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது. ஆனால் இந்தப் பலன் தனி ஓட்டல்களுக்குத்தான், பல ஊர்களில் கிளை வைத்தவற்றுக்கு இல்லை. ஏன்? பெரிய கம்பெனியின் பெயர் எல்லாருக்கும் முன்பே தெரியும். பெயர் தெரியாத கடைக்குத்தான் சாட்சி வேண்டும். ரிவ்யூ என்பது அந்தச் சாட்சி.

ஒரு சின்னக் கணக்கு

ஒன்பது பேர் ஐந்து ஸ்டார் கொடுத்த கடைக்குப் பத்தாவது ஆள் கோபத்தில் ஒரு ஸ்டார் கொடுத்தால் சராசரி 4.6 ஆகிவிடும். தொண்ணூற்றொன்பது பேர் ஐந்து கொடுத்த கடையில் அதே கோபக்காரர் வந்தால் 4.96தான். ஆகவே முதல் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வருவதே பலம்.

செய்யக் கூடாதவை

“மச்சி, நம்ம கடைக்கு அஞ்சு ஸ்டார் போட்டு விடுடா!” இது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் வேலை கொடுத்துப் பார்க்காதவன் எழுதுவது பொய்ச்சாட்சி. ரிவ்யூவுக்காகத் தள்ளுபடி தருவதும், திருப்தியான ஆளை மட்டும் பொறுக்கிக் கேட்பதும் கூகுள் விதிக்கு விரோதம். மாட்டினால் பொய் ரிவ்யூக்கள் நீக்கப்படும். புது ரிவ்யூ வராமல் சில காலம் தடுக்கவும் செய்வார்கள். நம் நாட்டின் பி.ஐ.எஸ். நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட ஐ.எஸ். 19000:2022 என்ற தரநிலையும் விலைக்கு வாங்கிய ரிவ்யூ கூடாது என்கிறது.

இன்னொரு எச்சரிக்கை நமக்கே. ‘மேப்பில் ரிவ்யூ போட்டால் காசு’ என்று டெலிகிராமில் பார்ட் டைம் வேலை வரும். முதலில் நூறு, இருநூறு கொடுத்து ஆசை காட்டி, அப்புறம் நம்மைப் பணம் கட்டச் சொல்வார்கள். கட்டினால் போச்சு! ஏமாந்தவர்கள் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியவை

• மோட்டாரை ஓட்டிக் காட்டி பில் கொடுக்கும்போதே கேளுங்கள். ரிவ்யூ பக்கத்தின் கியூ.ஆர். கோடைக் கடையில் ஒட்டி வையுங்கள்.
• எல்லாரிடமும் கேளுங்கள். என்ன வேலை, எத்தனை நாள் ஆனது என்று அவர் தன் சொல்லிலேயே எழுதட்டும். தேடிய சொல் ரிவ்யூவில் இருந்தால், அந்த வரியையே சில சமயம் கூகுள் கடைப் பெயருக்குக் கீழே எடுத்துக் காட்டும்.
• குறை சொன்னவருக்குச் சண்டை போடாமல் பதில் எழுதுங்கள். அதை அடுத்து வரப்போகும் வாடிக்கையாளரும் படிக்கிறார்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நல்ல வேலை செய்து, நல்லதைப் பேச வைக்கத்தான் நம்மால் முடியும். கடை வைக்கும்வரை நாமும் வாடிக்கையாளர்கள்தானே? நமக்கு ஒழுங்காக வேலை செய்து தரும் ஜெராக்ஸ் கடைக்கோ சைக்கிள் கடைக்கோ இந்த வாரம் உள்ளது உள்ளபடி இரண்டு வரி எழுதுங்கள். ஒரு சிறு தொழிலாளிக்குக் காசில்லாமல் நாம் செய்யும் உதவி அது!

— இறுதியாண்டு மாணவர், மின்னியல் துறை