புதிய கம்பைலருக்கு மாறும் இளைஞருக்கு



உமது கடிதம் கிடைத்தது. பல வருஷங்களாக ஒருவர் பின் ஒருவராகப் பலர் கைபட்டு வளர்ந்த ஒரு சி புரோகிராமை உம்மிடம் ஒப்படைத்து, டெபியன் 12-இல் ஓடிக்கொண்டிருக்கும் அதை டெபியன் 13-க்குக் கொண்டுபோகும்படி மேலதிகாரிகள் பணித்திருக்கிறார்கள் என்றும், ஜிசிசி 12-இல் முணுமுணுப்போடாவது முடிந்துவந்த கம்பைல் வேலை ஜிசிசி 14-இல் திரைகொள்ளாத பிழைகளோடு நின்றுவிட்டது என்றும், 'எஃப்-பெர்மிசிவ்' என்ற ஒரே ஒரு ஆப்ஷனைச் சேர்த்தவுடன் அத்தனை பிழைகளும் அடங்கிவிட்டபடியால் காரியம் முடிந்ததாகக் கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர். உம்மையொத்த இளைஞர் பலர் இதே கேள்வியோடு நிற்பதைக் காண்பதால், பதிலை உமக்கு மாத்திரம் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதத் துணிந்தேன். காரியம் முடியவில்லை, உண்மையைச் சொன்னால் இன்னும் தொடங்கவே இல்லை.

அந்தப் பிழைகளின் பூர்வோத்தரத்தை முதலில் அறிந்துகொள்வது நல்லது. சி பாஷையின் இளமைக் காலத்தில், ஒரு ஃபங்ஷன் எதை வாங்கிக்கொள்ளும், எதைத் திருப்பித் தரும் என்று முன்கூட்டி அறிவிக்காமலே அதை அழைத்துவிடலாம். அறிவிப்பு இல்லாத இடத்தில், அது 'இன்ட்' என்னும் முழு எண்ணையே திருப்பித் தருகிறது என்று கம்பைலர் தானாக அநுமானித்துக்கொள்ளும். இன்ட்டும் முகவரியும் பெரும்பாலும் ஒரே அளவாக இருந்த இயந்திரங்களில் இந்தத் தாராளத்தினால் பெரிய அனர்த்தம் விளையவில்லை. 1999-ஆம் ஆண்டுத் தரநிர்ணயமாகிய சி99 இவ்வழக்கத்தைப் பாஷையிலிருந்தே விலக்கிற்று. ஆயினும், பழைய புரோகிராம்கள் ஒரே நாளில் நின்றுபோகலாகாது என்ற தயையினால், ஜிசிசியை ஆக்குவோர் விலக்கப்பட்டதை உடனே தண்டிக்க முற்படவில்லை. 2015-இல் வந்த ஜிசிசி 5, 1989-ஆம் ஆண்டுச் சியைத் தன் இயல்பான பாஷையாகக் கொள்வதை விட்டு 2011-ஆம் ஆண்டுச் சிக்கு மாறியபோது, அவ்வழக்கத்தைக் கண்ட இடமெல்லாம், கேளாமலே எச்சரிக்கை செய்யத் தொடங்கியது. 2024 மே மாதம் வெளிவந்த ஜிசிசி 14.1-இல்தான் அவ்வெச்சரிக்கை பிழையாக உயர்ந்தது. வகை சொல்லாத மாறியை இன்ட்டாகக் கொள்வது, எண்ணையும் பாயிண்டரையும் ஒன்றுக்கொன்று மாற்றி வைப்பது, பொருந்தாத பாயிண்டர்களைக் கலப்பது ஆகியவையும் அதே வெளியீட்டில் அதே கதியை அடைந்தன. கால் நூற்றாண்டு அவகாசம் கொடுத்த ஒருவரைக் கடுமைக்காரர் என்று குறை கூறுவது நியாயமாகாது.

இது வெறும் சம்பிரதாயப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர். உம்முடைய புரோகிராமிலேயே இருப்பதாக நீர் எழுதியிருக்கும் 'எஸ்டிஆர்பிடைம்' என்ற ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். எழுத்தில் இருக்கும் தேதியைப் படித்து நாள், மாதம், ஆண்டு என்று பிரித்துக் கொடுப்பது அதன் தொழில். எந்த இடம்வரை படித்ததோ அந்த இடத்தின் முகவரியைப் பாயிண்டராகத் திருப்பித் தருவது அதன் வழக்கம். நேரத்துக்குரிய ஹெடர் கோப்பை இணைத்துவிட்டால் போதுமென்று எழுதியவர் நினைத்திருப்பார். போதாது, 'எக்ஸ்ஓபன் சோர்ஸ்' என்னும் மாக்ரோவையோ அதற்கு ஈடான இன்னொன்றையோ ஹெடருக்கு முன்பாக எழுதிவைத்தாலன்றி, லினக்ஸில் அந்த ஹெடர் இந்த ஃபங்ஷனின் அறிவிப்பை வெளியே காட்டாது. அறிவிப்பைக் காணாத பழைய கம்பைலர், 64 பிட் அகலமுள்ள முகவரியை 32 பிட் இன்ட்டாகப் பாவித்து, மேற்பாதியை வெட்டி எறிந்துவிடும். அப்படியானால் இத்தனை காலம் எப்படி ஓடிற்று என்று கேட்பீர். திரும்பி வந்தது சூன்யமா அன்றா என்று மாத்திரம் பார்த்துவிட்டு விடுகிறவனுக்கு வெட்டுண்ட முகவரியே போதுமானது. அதுவுமன்றி, நினைவகத்தில் நிலையான இடத்தில் ஏற்றப்படும் பழைய பாணிப் புரோகிராம்களில், அவற்றின் தரவும் ஹீப்பும் மிகத் தாழ்ந்த முகவரிகளிலேயே அமைந்திருந்தபடியால், மேற்பாதி வெறும் பூஜ்யமாக இருந்தது, வெட்டினாலும் நஷ்டம் தெரியவில்லை. டெபியன் 9-இலிருந்து எந்த இடத்திலும் ஏற்றக்கூடிய அமைப்பே இயல்பாக்கப்பட்டு, முகவரிகள் உயரத்துக்குப் போய்விட்டன. ஆக, சரியாக இருந்ததனால் ஓடிய புரோகிராம் அன்று அது, அதிர்ஷ்டத்தினால் ஓடியது. புதிய கம்பைலர் அந்த அதிர்ஷ்டத்தைச் சான்றாக ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான்.

'எஃப்-பெர்மிசிவ்' இந்தப் பிழைகளில் ஒன்றையும் திருத்துவதில்லை. பிழை என்ற பெயரை எடுத்துவிட்டு மறுபடி எச்சரிக்கை என்ற பெயரைச் சூட்டுகிறது. அதற்கு ஒரு நியாயமான உபயோகம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். முதற் பிழையிலேயே மேக் நின்றுவிடுமாதலால், எல்லாக் கோப்புகளிலும் உள்ள குறைகளை ஒரே தடவையில் ஒரு பட்டியலாக எடுத்துக்கொள்ளவேண்டி அதைத் தற்காலிகமாகச் சேர்க்கலாம். பட்டியல் கைக்கு வந்ததும் அதை நீக்கிவிடும். நீக்காமல் விட்டுச் சென்றவர்களின் சரித்திரம் உம்முடைய மேக்ஃபைலிலேயே இருக்கக்கூடும். 'எஃப்-காமன்' என்ற சொல் அங்கே எங்காவது கிடக்கிறதா என்று பாரும். இருந்தால், 2020-இல் ஜிசிசி 10 வந்தபோது உமக்கு முன்னிருந்தவர் செய்துகொண்ட சமரசம் அது. அதற்கு முந்திய காலத்தில், 'எக்ஸ்டெர்ன்' என்று குறிக்காமல் ஒரு பொதுமாறியை ஹெடரில் எழுதிவிட்டு, அந்த ஹெடரைப் பத்துக் கோப்புகளில் இணைத்தாலும், பாகப்பிரிவினை செய்துகொள்ளாத சகோதரர்கள் ஒரே நிலத்துக்குத் தனித்தனியே பட்டா வைத்திருப்பதுபோன்ற அந்த நிலைமையை லிங்கர் கண்டுகொள்ளாமல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடக்கிவிடும். ஒரு கோப்பில் இன்ட்டாகவும் மற்றொன்றில் டபிளாகவும் அதே பெயர் இருந்தால்கூட, தடுப்பதில்லை. ஜிசிசி 10 அந்தச் சலுகையை இயல்பாகத் தருவதை நிறுத்தியது. அதைத் திரும்பப் பெறுவதற்கான சொல்லே 'எஃப்-காமன்'. அதையும் இந்த வேளையிலேயே நீக்கிவிடுவது உத்தமம்.

இனிச் சொல்லப்போவதே என் கடிதத்தின் பிரதான விஷயம். கம்பைலர் உரக்கக் கூவி மறுக்கும் இடங்களைக் குறித்து நான் உமக்காக அதிகம் கவலைப்படவில்லை. கூவியதால் நீர் பார்த்துவிட்டீர், பார்த்ததைத் திருத்திவிடுவீர். மௌனமாக மாறிப்போகும் இடங்களே பயத்துக்குரியவை. அவற்றில் தலையானது, ஆட்டோகான்ஃப் உண்டாக்கித் தரும் 'கன்ஃபிகர்' என்ற கோப்பு. இந்த இயந்திரத்தில் இன்ன ஃபங்ஷன் உண்டா, இன்ன வசதி உண்டா என்று அறிவதற்காக அது நாலைந்து வரிகளில் சிறு சிறு சோதனைப் புரோகிராம்களை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கிறது. கம்பைல் ஆனால் உண்டு, ஆகாவிட்டால் இல்லை, இதுவே அதன் தர்க்கம். பழைய ஆட்டோகான்ஃபும், அதைவிடவும் அதிகமாக ஆங்காங்கே கைப்பட எழுதிச் செருகப்பட்ட சோதனைகளும், 'மெய்ன்' என்பதற்கு வகை சொல்லாமலும், 'எக்ஸிட்'டுக்கு ஹெடர் இணைக்காமலும் எழுதப்பட்டவை. ஜிசிசி 14 அவற்றை நிராகரிக்கிறது. வசதி இருக்கிறது, சோதனையின் எழுத்துப் பிழையே தோல்விக்குக் காரணம், ஆனால் கன்ஃபிகரோ வசதி இல்லை என்று எழுதிவைத்துவிட்டு மேலே செல்கிறது. கம்பைல் வேலை ஒரு பிழையுமின்றி நிறைவேறும். சில மாதங்கள் கழித்து, பெரிய கோப்புகளைத் திறக்க முடியவில்லை என்றோ, முன்பிருந்த ஒரு பாதுகாப்பு இப்போது இல்லை என்றோ எவராவது முறையிடும்போது, அதன் காரணத்தைக் கம்பைலர் மாற்றத்தில் போய்த் தேடுவதற்கு யாருக்கும் தோன்றாது. ஆகையால், பழைய கம்பைலரைக் கொண்டு ஒரு தடவையும் புதியதைக் கொண்டு ஒரு தடவையும் கன்ஃபிகரை ஓட்டி, அது எழுதும் 'கான்ஃபிக்' ஹெடர் இரண்டையும் டிஃப் போட்டு வரிக்கு வரி ஒப்பிடும். ஒரு வரி வேறுபட்டாலும், ஏன் என்று லாக் கோப்பில் தேடிக் காணும்வரை விடாதீர். பெரிய லினக்ஸ் வெளியீடுகளைப் பராமரிப்பவர்கள் ஜிசிசி 14-க்கு ஆயத்தம் செய்தபோது இந்த விஷயத்தில்தான் வெகுவாகச் சிரமப்பட்டார்கள்.

மௌனத்தின் மற்றொரு வகை, கம்பைலர் முன்னைவிடப் புத்திசாலியாவதனால் விளைவது. 2013-இல் ஜிசிசி 4.8 வந்தபோது நடந்த ஒரு சம்பவம் இதற்குப் பிரசித்தமான உதாரணம். கம்ப்யூட்டர்களின் வேகத்தை அளப்பதற்கென்றே தொகுக்கப்பட்ட ஸ்பெக் சிபியு 2006 என்னும் தொகுப்பில், வீடியோச் சுருக்கத்துக்கான ஒரு புரோகிராம் இருந்தது. அதில் 16 உறுப்புகள் கொண்ட ஒரு வரிசையைச் சுற்றிவரும் லூப், கடைசிச் சுற்றில், நிறுத்தவேண்டுமா என்று பார்ப்பதற்குச் சற்று முன்னதாக, இல்லாத பதினேழாவது உறுப்பையும் ஒருதரம் படித்துவிடும். படித்ததை உபயோகிப்பதில்லை, ஆகவே ஒரு தீங்கும் இல்லை என்றே அதுவரை எல்லோரும் இருந்தார்கள். புதிய கம்பைலரோ இவ்விதமாக யோசித்தது: வரிசைக்கு வெளியே படிப்பதைப் பாஷை அநுமதிப்பதில்லை, ஆதலால் எழுதியவர் அப்படிச் செய்திருக்கமாட்டார், ஆதலால் எண்ணி 16-க்குக் கீழேதான் எப்போதும் இருக்கும், ஆதலால் அந்தச் சோதனையே அநாவசியம். சோதனையை நீக்கியது. லூப் முடிவின்றிச் சுழன்றது. இந்த நியாயத்தில் எந்தப் படியில் குற்றம் காண்பீர்? ஜிசிசியின் வெளியீட்டுக் குறிப்பிலேயே அந்தப் புரோகிராமின் பெயரைச் சொல்லி, விதிமீறிய புரோகிராம்கள் இனி எதிர்பார்த்தபடி நடக்காமற் போகலாம் என்று எழுதிவிட்டார்கள். சற்று ஈரமற்ற பேச்சுத்தான். ஆனாலும் வழக்கில் அவர்கள் பக்கமே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

எனவே, மேம்படுத்தும் ஆப்ஷன் இல்லாமல் ஓடும் புரோகிராம், அவ்வகை ஆப்ஷனாகிய 'ஓ2'வைப் போட்டவுடன் தடுமாறினால், கம்பைலரில் குற்றம் என்று சொல்வதற்கு முன் பலமுறை யோசியும். கம்பைலரிலும் குற்றங்கள் உண்டு. ஆனால் குற்றம் தெரிவிக்க வருகிறவர்களை ஜிசிசிக்காரர்கள் முதலில் கேட்டுக்கொள்வது, எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் இயக்கிப் பார்த்தீர்களா, 'எஃப்-ரேப்-வி' முதலிய ஆப்ஷன்களைச் சேர்த்தால் நடத்தை மாறுகிறதா என்பதையே. மாறினால், பெரும்பாலும் பிழை உம்முடையது. அட்ரஸ் சானிடைசரும் அன்டிஃபைன்டு பிஹேவியர் சானிடைசரும் ஜிசிசியோடு கூடவே வருகின்றன. அவற்றைச் சேர்த்துக் கம்பைல் செய்து, உம்மிடம் இருக்கும் சோதனைகளையெல்லாம் ஒரு தரம் ஓட்டினால், பல தலைமுறைப் பாவங்கள் ஒரே இரவில் வெளிவந்துவிடும்.

நடைமுறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கம்பைலரை உடனே தூக்கி எறிந்துவிடாமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். ஒரே தரவை இரண்டின் வழியாகவும் ஓட்டி விடைகளை ஒப்பிடும். ஜிசிசியே தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும்போது, பழைய கம்பைலரால் ஒரு தடவையும், அப்படி உண்டான புதியதால் இரண்டாம் தடவையும், அதனால் மூன்றாம் தடவையும் தன்னைக் கம்பைல் செய்துகொண்டு, கடைசி இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே வெளியே வருகிறது. அவ்வளவு பொறுமையில் ஒரு பங்காவது நமக்கு வேண்டும். கம்பைலர் மாற்றத்தோடு வேறு எந்த மாற்றத்தையும் ஒரே கமிட்டில் கலக்கவேண்டாம். எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் 'டபிள்யூ-எரர்' ஆப்ஷன் உம் மேஜையில் இருக்கலாம். பிறர் கைக்குப் போகும் மேக்ஃபைலில் இருக்கலாகாது, ஏனெனில் நீர் கண்டிராத அடுத்த கம்பைலரின் புதிய எச்சரிக்கை ஒவ்வொன்றும் அந்தப் பிறருக்குத் தடையாக நிற்கும். உம்முடைய புரோகிராம் எந்த ஆண்டுச் சியில் எழுதப்பட்டதோ அதை மேக்ஃபைலில் வெளிப்படையாக எழுதிவிடும். 'குனு17' என்று எழுதினால் உமக்குப் பொருந்தும். 2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15, கேளாமல் விட்டால் சி23-ஐயே எடுத்துக்கொள்கிறது. அதில் 'பூல்' பாஷையின் சொந்தச் சொல்லாகிவிட்டபடியால், நாமே 'பூல்' என்று ஒரு வகையைச் செய்துகொண்ட பழைய ஹெடர்கள் நிற்கமாட்டா. வெறும் அடைப்புக்குறி என்பது ஒன்றும் வாங்காத ஃபங்ஷன் என்று பொருள்படுமாதலால், எதை வேண்டுமானாலும் வாங்கட்டும் என்று எழுதிய பழைய அறிவிப்புகளும் நிற்கமாட்டா. ஆண்டை எழுதிவைப்பது தப்பித்துக்கொள்ளும் உபாயமாகாது. எழுதியவர் எந்தப் பாஷையை மனத்தில் கொண்டாரோ அதைப் பதிவு செய்வதாகும். அதற்கும் 'எஃப்-பெர்மிசிவ்'வுக்கும் உள்ள தாரதம்மியத்தை நீர் இதற்குள் அறிந்திருப்பீர்.

மேலதிகாரிகள் ஒரு வாரம் கெடு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர். பிழைகளை அடக்குவதற்கு ஒரு வாரம் அதிகம். அவற்றைத் தீர்ப்பதற்குப் போதாது. இக்கடிதத்தில் கூறியவற்றை எடுத்துக்காட்டி இன்னும் சில வாரங்கள் கேளும். கன்ஃபிகர் வேறுபாடுகளின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் மறுக்கமாட்டார்கள். மேலும், நீர் உபயோகிக்கும் நூலகங்களில் சில பிறர் எழுதி உலகத்துக்கு விட்டவை என்று தெரிகிறது. அவற்றில் நீர் செய்யும் திருத்தங்களை உம்முடைய அடைவிலேயே பேட்சாகப் பூட்டி வைத்துக்கொள்ளாமல், அவற்றை ஆக்கியோருக்கும் அனுப்பிவையும். இல்லையேல் அடுத்த கம்பைலர் வரும்போது உம் இடத்துக்கு வரும் இன்னொருவர் அதே திருத்தத்தை மறுபடி செய்யவேண்டியிருக்கும்.