டிஸ்கஸ் மீன் கறுப்பதும் ஒளிவதும்

கடையில் நீலமும் செம்பழுப்புமாக மின்னிய டிஸ்கஸ் மீன், வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் விடப்பட்ட அரை மணி நேரத்திற்குள் உடலெங்கும் கரும்பட்டைகள் படர்ந்து, நீர் வடிகட்டியின் பின்புறம் ஒதுங்கி நிற்கிறது. மீனுக்கு உரியவர் கவலை கொள்கிறார். விளக்கைப் போட்டுப் பார்க்கிறார். கண்ணாடியைத் தட்டிப் பார்க்கிறார். மறுநாளும் நிலை மாறாவிடில் மருந்து வாங்கி வந்து நீரில் கலக்கிறார். சில நாள்களில் மீன் மடிகிறது. நோயினால் மடிந்தது என்றே அவர் எண்ணுகிறார். ஆயினும் இவ்வாறு மடியும் மீன்களுள் தொடக்கத்தில் நோய் எதுவும் இல்லாதவையும் உண்டு. மீன் நிறத்தால் காட்டிய நிலை ஒன்று. பார்த்தவர் கொண்ட பொருள் வேறொன்று.

டிஸ்கஸ் மீன் கறுத்தல் என்பது ஒரே பொருளுடைய குறியன்று. அச்சம், சுற்றுப்புறத்தின் நிறம், கூட்டத்தில் தாழ்ந்த நிலை, நோய், நீரின் கேடு, இனப்பெருக்கம் ஆகிய ஆறு நிலைகளிலும் அது கறுக்கக்கூடும். இவற்றைப் பிரித்தறிய வேண்டுமாயின், அம்மீனின் தாயகத்தையும் தோலின் அமைப்பையும் முதலில் அறிதல் நன்று.

தாயகமும் உடலமைப்பும்

டிஸ்கஸ், சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் மீன். தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையே அதன் தாயகம். யோஹான் நாட்டரர் என்பவர் 1817 முதல் 1835 வரை பிரேசில் நாட்டில் உயிரினங்களைத் திரட்டினார். ரியோ நீக்ரோ ஆற்றில் அவர் பிடித்த மாதிரிகளைக் கொண்டு, வியன்னா நகரின் விலங்கியல் அறிஞர் யோஹான் யாகோப் ஹெக்கல் 1840-ஆம் ஆண்டில் இம்மீனை விவரித்து, சிம்ஃபைசோடான் டிஸ்கஸ் என்று பெயர் சூட்டினார்.

வளர்ந்த மீன் ஏறத்தாழ 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமுள்ளது. பக்கவாட்டில் மிகவும் தட்டையானது. வட்டத் தட்டுப் போன்ற வடிவம் கொண்டது. வேகமான நீரோட்டத்தை இது நாடுவதில்லை. ஏரிகளிலும், ஆற்றங்கரைகளிலும், வெள்ளம் புகுந்த காடுகளிலும், நீரில் மூழ்கிய மரக்கிளைகளுக்கு இடையே கூட்டமாக வாழ்கிறது. அங்குள்ள நீர் மென்மையானது, அமிலத் தன்மை உடையது, வெதுவெதுப்பானது. உதிர்ந்த இலைகளின் சாறு கலந்த இடங்களில் தேநீரின் நிறமுடையது.

இம்மீனின் உடலில் பொதுவாக ஒன்பது கரும்பட்டைகள் மேலிருந்து கீழாக அமைந்துள்ளன. முதற்பட்டை கண்ணின் வழியே செல்கிறது. ஹெக்கல் விவரித்த இனத்தில் முதலாவது, ஐந்தாவது, ஒன்பதாவது பட்டைகள் மற்றவற்றினும் தடித்தவை. கிளைகளின் நிழல்கள் நீரில் விழும் இடத்தில் இப்பட்டைகள் மீனின் வட்ட வடிவத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுகின்றன. கண்ணும் பட்டைக்குள் மறைந்துவிடுகிறது. பெரிய மீனோ நீர்ப்பறவையோ நெருங்கும்போது, தட்டையான உடலைக் கிளைகளுக்கிடையே செருகிப் பட்டைகளைக் கருமையாக்கிக் கொண்டு அசையாது நிற்றல் அதற்கு ஏற்ற தற்காப்பு. ஆகவே நிறமாற்றமும் ஒளிதலும் இரு வேறு செயல்களல்ல. ஒரே தற்காப்பின் இரு கூறுகள் ஆகும்.

தோலில் நிகழ்வது யாது?

மீனின் தோலில் நிற அணுக்கள் பல வகை உண்டு. மஞ்சள் நிறமியும் செந்நிறமியும் உடைய அணுக்கள் சில. மற்றுஞ் சிலவற்றில் குவானின் என்னும் பொருளாலான நுண்ணிய படிகத் தகடுகள் அடுக்கப்பட்டுள்ளன; அவை ஒளியைப் பிரதிபலிப்பதால் நீலநிற மினுமினுப்பு உண்டாகிறது. மெலனின் என்னும் கருநிறமியைத் தாங்கும் அணுக்கள் மெலனோஃபோர் எனப்படும். விரைவான நிறமாற்றத்தில் பெரும்பங்கு இவற்றையே சாரும்.

மெலனோஃபோர் அணு பல கிளைகளை உடையது. கருநிறமித் துகள்கள் அணுவின் நடுவில் திரண்டு ஒரு புள்ளியாகும்போது தோல் வெளிறித் தோன்றும். அவை கிளைகளுக்குள் பரவும்போது தோல் கறுத்துத் தோன்றும். புதிய நிறமி எதுவும் உண்டாவதில்லை. உள்ளதே இடம் மாறுகிறது. அதனால்தான் மாற்றம் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ நிகழ்ந்து, அவ்வாறே மறையவும் செய்கிறது. மற்றொரு வகை மாற்றம் மெதுவானது. கரிய சூழலில் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் வாழும் மீனின் தோலில் நிறமியும் நிற அணுக்களும் பெருகுகின்றன. வெளிறிய சூழலில் அவை குறைகின்றன.

இத்துகள்களை இயக்குவது எது என்ற வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டது. பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் பூஷே 1870-களில் தட்டை மீன்களை ஆராய்ந்து, கண்ணும் நரம்பும் நிறமாற்றத்திற்கு இன்றியமையாதவை எனக் காட்டினார். பின்னாளில் தேனீ ஆராய்ச்சிக்காக 1973-இல் நோபெல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், 1911-இல் சிறு கெண்டை இன மீனொன்றில் நிறமாற்றத்திற்குரிய நரம்புப் பாதையை ஆராய்ந்து வெளியிட்டார். பரிவு நரம்புகளின் தூண்டுதலால் துகள்கள் நடுவில் திரள்கின்றன. மேலிருந்து வரும் ஒளியையும் தரையிலிருந்து பிரதிபலிக்கும் ஒளியையும் கண் ஒப்பிட்டு உணர்வதால், கருமணல் பரப்பிய தொட்டியில் மீன் கறுக்கிறது. வெண்ணிறத் தொட்டியில் வெளிறுகிறது. பார்வை இழந்த மீன் கறுத்தே காணப்படுவதும் இதனாலேயே.

நரம்பேயன்றி ஹார்மோன்களும் இதில் பங்கு பெறுகின்றன. மெலனோஃபோர் தூண்டும் ஹார்மோன் துகள்களைப் பரவச் செய்கிறது. அதற்கு எதிராகத் துகள்களைத் திரளச் செய்யும் ஹார்மோன் ஒன்று 1983-இல் சால்மன் மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மெலனோஃபோர் தூண்டும் ஹார்மோனும், நெருக்கடியின்போது கார்ட்டிசால் சுரக்கக் கட்டளையிடும் ஹார்மோனும் ஒரே பெரிய புரதத்திலிருந்து பிளந்து உண்டாகின்றன. எனவே நெடுநேரம் துன்புறும் மீன் கறுத்திருப்பது வியப்பன்று. கார்ட்டிசால் மிகுந்த நிலை நீடித்தால் நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றும். நோயற்ற மீனாயினும், அதன் அச்சத்தைத் தீர்க்காது விடின் நாளடைவில் நோய்க்கு இரையாகும்.

கறுத்த பெற்றோர்

கறுத்தல் எப்போதும் துன்பத்தின் அடையாளமன்று. முட்டையிடும் பருவத்தில் ஆணும் பெண்ணும் ஓர் இலையையோ மரக்கட்டையையோ வாயால் தூய்மை செய்கின்றன. உடல் நடுங்குவதுபோல் அசைகின்றன. உடலின் பின்பகுதி கறுக்கிறது. முட்டைகள் இரண்டு மூன்று நாள்களில் பொரிகின்றன. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் கறுத்த பெற்றோரின் உடலை நாடி, தோலில் சுரக்கும் கோழையை உண்டு வளர்கின்றன. ஹில்டெமன் என்பவர் 1959-இல் இவ்வியப்பான பழக்கத்தை விரிவாக எழுதினார். முட்டையிடும் காலத்தில் கோழையில் புரதம் மிகுவதும், குஞ்சு பொரித்து மூன்று வாரம் வரை அது உயர்ந்தே இருப்பதும், பின்னர் குறைவதும் 2010-இல் வெளிவந்த ஆராய்ச்சியில் தெரியவந்தன. இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள உவர்நீர்க் கழிகளில் வாழும் ஆரஞ்சு குரோமைடு என்னும் சிறு சிக்லிட் மீனின் குஞ்சுகளும் பெற்றோரின் தோலைத் தொட்டுக் கோழையை உண்பதுண்டு.

1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து பிஜன் பிளட் என்னும் வகை பரவியது. அதன் உடலில் கரும்பட்டைகள் இல்லை. அழகு மிகுந்ததாயினும், இவ்வகைப் பெற்றோர் கறுப்பதில்லை. அதனால் குஞ்சுகள் அவற்றை எளிதில் அடைவதில்லை என்பது வளர்ப்போரின் அனுபவம். அச்சத்தைக் காட்டும் பட்டைகளும் அதனிடம் இல்லாமையால், வளர்ப்பவர் நிறத்தை விடுத்து நடத்தையையே கவனிக்க வேண்டியவராகிறார்.

குறிகளைப் பிரித்தறிதல்

கறுத்து ஒளியும் மீனைக் கண்டதும் மூன்று வினாக்கள் எழுப்பப்பட வேண்டும்.

முதலாவது, எவ்வளவு காலமாக? புதிய தொட்டிக்கு வந்த மீன் சில நாள்கள் ஒளிந்திருத்தல் இயல்பு. பட்டைகள் தோன்றி மறைவதும், ஆள் விலகியபின் மீன் வெளிவந்து இரை தேடுவதும் அச்சத்தின் குறிகள். உடல் முழுதும் நாள்கணக்கில் கறுத்தே இருப்பின் வேறு காரணம் தேடல் வேண்டும்.

இரண்டாவது, ஒன்றா, அனைத்துமா? எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் கறுத்து, செவுள்களை வேகமாக அசைத்தால், நீரிலேயே கேடு உள்ளதெனக் கொள்ளல் தகும். ஒரு மீன் மட்டும் கறுத்து, பிற மீன்கள் அதனை விரட்டினால், அது கூட்டத்தில் தாழ்ந்த நிலையடைந்தது. விரட்டுவோர் இல்லாமலே ஒரு மீன் கறுத்து ஒதுங்கினால் நோயை ஐயுறலாம்.

மூன்றாவது, உடன் தோன்றும் குறிகள் யாவை? இரை மறுத்தல், உடல் மெலிதல், வெண்ணிற நூல் போன்ற மலம் ஆகியவை குடலில் வாழும் ஒட்டுண்ணிகளைச் சுட்டக்கூடும். ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு சுவாசித்தலும், உடலைப் பொருள்களில் உரசுதலும் செவுள் ஒட்டுண்ணிகளின் குறியாகலாம்.

நீரின் கேட்டில் முதன்மையானது அம்மோனியா. அமில நீரில் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியம் அயனியாக உள்ளது. பி.எச். எண் ஒன்று உயர்ந்தால், நச்சுத் தன்மை மிக்க அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. வெப்பம் ஏறினாலும் அது கூடுகிறது. டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் தேவை. இவ்வெப்பத்தில் காரத் தன்மையுள்ள கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் அம்மோனியாவைக் குறித்து மிகவும் விழிப்பாயிருத்தல் வேண்டும். வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆராயாமல் கலக்கும் பாக்டீரியா ஒழிப்பு மருந்து இவற்றையும் கொல்லக்கூடும். அப்போது அம்மோனியா பெருகி, நோயற்ற மீனும் மடிகிறது. தொடக்கத்தில் கூறிய மீனின் மரணத்திற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

செய்யத்தக்கவை

முதலில் வெப்பநிலை, பி.எச்., அம்மோனியா, நைட்ரைட் ஆகியவற்றை அளந்தறிதல் வேண்டும். கேடு காணின், குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள நீரால் ஒரு பகுதியை மாற்றலாம். பி.எச். அளவைத் திடீரென மாற்றுதல் கூடாது. விளக்கின் ஒளியைக் குறைத்தல் வேண்டும். இருளில் உள்ள தொட்டியில் திடீரென ஒளி பாய்ச்சினால் மீன் மிரண்டு கண்ணாடியில் மோதும். மறைவிடங்களை அகற்றினால் மீன் வெளியே வரும் என்று கருதுதல் தவறு. புகலிடம் அருகில் உண்டு என்ற உறுதி இருக்கும்போதே அது துணிந்து வெளிவருகிறது. தனி மீன் அஞ்சும். ஐந்தாறு மீன்களாக வளர்த்தல் நலம். நீர் நன்றாயிருந்தும் நோய்க்குறிகள் தெளிவாகத் தோன்றினால் மட்டுமே, தக்கவரின் ஆலோசனைப்படி, தனித் தொட்டியில் மருந்தளித்தல் முறையாகும்.

மாணவர் இதனை ஒரு பயிற்சியாகவே மேற்கொள்ளலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் தொட்டியின் முன் பத்து நிமிடம் அசையாது அமர்ந்து, பட்டைகளின் அழுத்தம், மீன் நிற்கும் இடம், செவுளசைவு, இரையுண்ணும் முறை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். சில வாரங்களில் அம்மீனின் இயல்பு நிலை தெளிவாகும். இயல்பை அறிந்தவருக்கே மாற்றம் புலப்படும். மருந்துப் புட்டியைத் திறக்க வேண்டிய நாளும் அவருக்கே தெரியும்.